பழவங்காடியில் கேட்டது, பள்ளிக்கூடத்தில் கிடைத்தது

என் வீட்டில் ஏழு மாதம் பேச்சுக் குரலே கிடையாது. இருந்ததே இரண்டு பேர். ஒருத்தி பேசமாட்டாள். மற்றவனுக்குப் பேச ஆள் இல்லை.

கரமனை பஜனை மடத்து அன்பர்கள் எல்லோருக்கும் என் நமஸ்காரம். போன சதுர்த்தி பூஜையில் அவரவர் அனுபவத்தைச் சொன்னபோது நானும் எழுந்து நின்றேன். நாலு வார்த்தைக்கு மேல் ஓடவில்லை, உட்கார்ந்துவிட்டேன். காப்பி கிளப்பில் நாள் முழுக்கக் கத்துகிற வாய்தான், வேண்டிய இடத்தில் காலை வாரிவிட்டது. அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு, மகர மாசம். நம் கணக்கில் தை. விஷ ஜுரத்தில் என் சம்சாரம் சீதா போய்ச் சேர்ந்தாள். நான் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு கிளப்பில் பட்சணம் போடுகிற சரக்கு மாஸ்டர். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. திருவனந்தபுரத்தில் எனக்கு ரத்த சம்பந்தம் என்று சொல்லிக்கொள்ள என் பெண் கோமதி ஒருத்திதான். அப்போது அவளுக்கு ஆறு வயசு நடந்துகொண்டிருந்தது.

காரியம் நடந்த நாட்களில் வீடு நிறைய மனுஷர்கள். வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மா எங்கேடி போனா என்று அவளையே கேட்டார்கள். தாயில்லாக் குழந்தை என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அவள் ஒருத்தருக்கும் பதில் சொல்லவில்லை. துக்கம், சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். பதின்மூன்றாம் நாள் எல்லோரும் ஊருக்குப் போனார்கள். கதவைச் சாத்திவிட்டு, "கோமு, பசிக்கறதா?" என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குப் பிறகு எல்லாமே தலையாட்டல்தான்.

புறப்படும்போது என் அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். "பொண் குழந்தைடா சுந்தரம். பொம்மனாட்டி இல்லாத ஆத்துல எப்படி வளரும்? ஆவணி அவிட்டம் ஆகட்டும், நான் வந்து அழைச்சுண்டு போயிடறேன்." நியாயமான பேச்சு.

வைத்தியரிடம் காட்டினேன். நாக்கிலும் தொண்டையிலும் குற்றமில்லை என்று லேகியம் கொடுத்தார். அதைச் சமர்த்தாகச் சாப்பிட்டாள். மந்திரித்துக் கயிறு கட்டினேன். கட்டிக்கொண்டாள். அழுவது, பிடிவாதம் பிடிப்பது, ஒன்றும் கிடையாது. அது இருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும். கிளப்பிலிருந்து திரும்பி வந்து இலை போட்டால், எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் ரசம் ஊற்றிக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. சில நாள் ரசமே வேண்டாம் என்று எழுந்துவிடுவேன்.

தினம் விடியுமுன் வேலைக்குப் போகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் நின்று கேட்பேன். நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன், அப்பா என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரட்டும் என்று. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு காய் முன்பணம் மாதிரி உடைப்பேன். மாதங்கள் போயின. ஒரு நாள் கோபம் வந்து, உமக்குக் காது இத்தனை பெரிசாக இருந்து என்ன பிரயோஜனம் என்று கேட்டும்விட்டேன். அபசாரம்தான். ஆனால் அன்றைக்கு எனக்குப் பேசவும் சண்டை போடவும் அவரை விட்டால் வேறு நாதி இல்லை.

அதுவரை பகலில் அடுத்த வீட்டுப் பர்வதம் மாமிதான் கோமதியைப் பார்த்துக்கொண்டாள். மாமியின் பெண் பிரசவத்துக்கு வந்ததும் அதுவும் முடியாமல் போயிற்று. இடவ மாசம், நம் வைகாசியில், மழையோடு மழையாக, ஆற்றுக்குப் போகிற வழியில் இருந்த சர்க்கார் பிரைமரிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். எல்லாம் மலையாளம். எல்லா ஜாதிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சு. தெருவில் முணுமுணுத்தார்கள். தமிழிலேயே வாய் திறக்காத குழந்தை மலையாளத்தில் என்ன கிழிக்கப்போகிறது என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். நான் படிப்புக்காகவா விட்டேன்? பகலில் ஒரு கூரைக்குக் கீழே நாலு பேர் நடுவில் இருக்கட்டும் என்று விட்டேன். பள்ளிக்கூடத் துணியைப் புறக்கொடியில் போட்டுவிட்டு, குளித்துத்தான் உள்ளே வரவேண்டும் என்று மாமி ஏற்பாடு செய்தாள். கோமதி அதற்கும் தலையாட்டினாள்.

கர்க்கடகம், அதாவது ஆடி, முடிகிற சமயம். அக்கா வரும் நாள் நெருங்கிவிட்டது. குழந்தை ஊமையாக என்னோடு கிடந்து வாடுவதைவிட, அத்தை வீட்டில் நாலு பெண்களோடு இருக்கட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். கிளப்பில் சொல்லிவிட்டு, மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் பேரை வெட்டிவிட்டு வரப் போனேன்.

மணி அடித்துச் சாப்பாட்டு நேரம். மழை விட்டிருந்தது. ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால் வரும் அத்தம் பிறந்துவிட்டதால் முற்றத்து நடுவில் பிள்ளைகள் பறித்து வந்த பூவால் கோலம் போட்டிருந்தார்கள். ஓர் ஓரத்தில் பெரிய வகுப்புப் பையன்கள் மரச்சீனிக் கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள். வராந்தா முனையில் தண்ணீர்ப் பானை. அதன் முன்னால் பிள்ளைகள் வரிசை. ஒரு பெண் மூக்கு வைத்த கிண்டியைத் தூக்கிப் பிடித்து, குனிந்து கை ஏந்துகிற ஒவ்வொருவருக்கும் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரியாயிட்டு நில்லு. தள்ளல்லே. நினக்கு மதியோ? இனி அடுத்த ஆள்."

வரிசையாக நில், தள்ளாதே, உனக்குப் போதுமா என்று அதட்டல். கணீரென்ற குரல். எந்த வீட்டுக் குழந்தையோ, கொடுத்துவைத்த தகப்பன் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பாவாடையைப் பார்த்தேன். சீதாவின் பழைய புடவையைக் கிழித்து மாமி தைத்த பாவாடை.

அங்கேயே நின்றுவிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியாது. அவள் சிரித்தாள். ஒரு பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நீ இப்போதுதானே குடித்தாய் என்று விரட்டினாள். அப்புறம் தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. கிண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள், வீட்டில் நிற்கிற மாதிரியே.

அவளுடைய வாத்தியாரம்மா பார்கவியம்மா வெளியே வந்தாள். இந்த ஊரில் பெண் வாத்தியாரையும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் திக்கித் திக்கி, சாரே, இந்தக் குழந்தை வீட்டில் பேசுவதே இல்லை என்றேன். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை.

"மிண்டுகயில்லேன்னோ? இவளோ? இவளெ மிண்டாதிருத்தானாணு ஸ்வாமி எனிக்கு பாடு."

இவளைப் பேசாமல் இருக்க வைப்பதுதான் தன் பாடு என்கிறாள்! சேர்ந்த புதிதில் இவளும் ஒரு மூலையில் இருந்தாளாம். பேசத் தேவையில்லாத வேலையாகப் பார்த்து, அந்த அம்மாள்தான் தண்ணீர் வார்க்கச் சொல்லியிருக்கிறாள். ஒரு குறும்புப் பையன் வேண்டுமென்றே குடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மதி என்று ஒரு போடு போட்டிருக்கிறாள் கோமதி. அன்றைக்குத் திறந்த வாய்.

வீட்டு விஷயம் கேட்டாள், சொன்னேன். தாய் இறந்ததே அந்த அம்மாளுக்குத் தெரியாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் அவளை அம்மா எங்கே என்று கேட்டதில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, குழந்தையைத் திட்டவேண்டாம், முடிந்தால் நீங்களும் இரண்டு வார்த்தை மலையாளத்தில் பேசிப் பாருங்கள் என்றாள். பேரை வெட்ட வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன்.

உங்களிடம் மறைப்பானேன், அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. தினம் காலையில் போய் நின்று கேட்டவன் நான். வரம் தண்ணீர்ப் பானை வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு. இது என்ன நியாயம் ஐயா என்று வழியெல்லாம் பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டே போனேன்.

சாயங்காலம் ஆற்றுப் படித்துறைக்கு அவளைக் கூட்டிப்போனேன். கால் அலம்பிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது கிளப் மலையாளம். கூடையில் அளந்து காய் வாங்கவும், பாக்கி கேட்கவும் போதும். குழந்தையோடு பேச அதில் வார்த்தை இல்லை. இருந்தாலும் துணிந்து, "இன்னு ஸ்கூளில் எந்துண்டாயி?" என்றேன். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று.

திரும்பி என்னையே பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"ஒன்னுமில்ல" என்றாள்.

ஏழு மாதத்துக்குப் பிறகு என் பெண் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, அதுவும் மலையாளத்தில், ஒன்றுமில்லை என்பதுதான். படியில் உட்கார்ந்து, துணி துவைக்கிறவர்கள் எல்லோரும் பார்க்க, முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அன்று முதல் எங்கள் வீட்டில் மலையாளம். சாதம், சாம்பார், குளியல், கோலம் எல்லாமே மலையாளத்தில். நான் தப்பாகப் பேசினால் சிரிப்பாள், அந்தச் சிரிப்புக்காகவே சில தப்புகள் செய்தேன். யார் யார் தள்ளினார்கள், யார் பூ திருடினார்கள், மகாராஜாவுக்கு மங்களம் பாடும்போது யார் தூங்கினார்கள் என்று அத்தனையும் வந்தது. தமிழில் ஒரு வார்த்தை கேட்டால் மட்டும் பழையபடி கதவு சாத்திக்கொள்ளும். அந்தப் பாஷையில் அவள் அம்மா இருந்தாள் என்று நான் புரிந்துகொண்டேன். சரியோ தப்போ, அதற்குமேல் அவளைத் தோண்டவில்லை. மாமிதான், தமிழ்ப் பட்டராத்துக்குள் மலையாளத்தான் குடிவந்த மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தாள்.

ஓணம் முடிந்து, செங்கோட்டை ரயிலில் அக்கா வந்து இறங்கினாள். தகப்பனும் பெண்ணும் அவளுக்குப் புரியாத பாஷையில் வாயடிப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இதுக்குத்தான் சொன்னேன், இனி ஒரு நாள் தாமதிக்கக்கூடாது என்று அப்போதே பெட்டியைத் திறந்து பாவாடைகளை அடுக்க ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. தடுக்கிற யோக்யதை எனக்கு உண்டா என்று எனக்கே சந்தேகம். பகல் முழுக்க அடுப்படியில் நிற்பவன், ஒரு பெண்ணுக்குத் தலை பின்னக்கூடத் தெரியாதவன். வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, இத்தனை கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள்கிறீரே என்றுதான் பிள்ளையாரிடம் மனசுக்குள் சொன்னேன்.

உள்ளே அக்கா அவளிடம், பதிலை எதிர்பார்க்காமலே, அத்தையோட வரியாடி கோமு என்று கேட்டாள்.

"நான் வரலை அத்தை. அப்பா தனியா இருப்பா."

தமிழ். சீதாவின் தமிழ், அதே இழுப்பு. சமையலறையில் சீதா பேசுகிற மாதிரியே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கப் பயந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு அக்கா பாவாடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கொடியில் போடுகிற சத்தம் கேட்டது.

நூற்றெட்டுத் தேங்காயும் உடைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவள் கோமதி. அப்பா, நன்னா ஓங்கிப் போடு என்று நடுநடுவே உத்தரவு வேறு. பார்கவியம்மாவுக்கு அப்பம் செய்து எடுத்துப் போனேன். தனக்கென்று எடுத்து வைக்காமல், எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தாள் அந்த அம்மாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அத்தத்தன்று அந்தப் பிள்ளைகளுக்கு என் கையால் அப்பம் போகிறது. பிள்ளையாரிடம் நான் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறேன்.

அன்பர்களே, நம் தெருவிலேயே பேச ஆளில்லாமல் சாப்பிட்டுப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும், அந்த மாதிரி வீட்டுக்குள் இருந்தவன் நான். பிள்ளையாரிடம் கேளுங்கள். கோபம் வந்தால் கோபித்துக்கொண்டே கேளுங்கள், அவர் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்டது உங்கள் வாசலுக்கு வராவிட்டால் இல்லையென்று முடிவு கட்டாதீர்கள், வெளியே போய் நாலு இடம் பாருங்கள். அதுவரை தனியாக உட்கார முடியவில்லை என்றால் எந்தச் சாயங்காலமும் என் வீட்டுக்கு வாருங்கள். கோமதி இருக்கிறாள். இரண்டு பாஷையிலும் உங்களைச் சும்மா இருக்க விடமாட்டாள்.