அடுப்பிடம் சொன்ன சேதி

எங்கள் செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷாவில் கரிமூட்டையைத் தனியாளாகத் தூக்கி லாரியில் எறியும் பெண் எங்கள் பக்கத்து வீட்டு பானா சிசங்கா ஒருத்திதான். அந்தப் பெயருக்கு, சிசங்காவின் அம்மா என்று அர்த்தம். அவள் கைபட்டு உடைந்துபோன பூட்டுகளையும் மூடிகளையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மருமகன் லோம்பே சுரங்கப் பட்டறையில் செம்புக் குழாய் பொருத்துகிறவன். விரல் நுனியால் வேலை செய்கிறவன் என்று அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. "ஆம்பளையா அவன்? பூ கட்டுற மாதிரி நட்டு போடுறான்" என்பாள். அதனால் அவனுக்கு அடுப்பு காட்டும் விருந்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். எங்கள் வழக்கப்படி அந்த விருந்து நடக்கும்வரை மருமகன் மாமியாரைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, அவள் சமைத்ததைத் தொடக் கூடாது. இடையில் கிடந்து அல்லாடியவள் மகள் சிசங்கா.

ஒரு நாள் அவள் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டியது. பானா சிசங்கா ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்கினாள். இன்னும் சொட்டியது. மூச்சைப் பிடித்து முறுக்கினாள், பீச்சியது. சிசங்கா ஓடிப்போய் புருஷனைக் கூட்டிவந்தாள். அவன் வாசலிலேயே முதுகைக் காட்டி நின்றுவிட்டான். சிசங்கா மெயின் வால்வை அடைக்கப் பின்பக்கம் ஓட, சேதி சொல்ல ஆளில்லை. வாசலில் கரியடுப்பு மட்டும் இருந்தது.

லோம்பே அதனிடம் பேசினான். "அடுப்பே, இனி முறுக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு."

"இறுக்காம எப்படி நிக்கும்னு கேளு, அடுப்பே!" என்று உள்ளிருந்து கத்தினாள் பானா சிசங்கா.

"தண்ணிய நிறுத்துறது நட்டு இல்ல. உள்ள ஒரு பித்தளை வளையம் இருக்கு. நட்டு அதை அமுக்கும், அது குழாயைச் சுத்திக் கவ்விக்கும். ரொம்ப முறுக்கினா குழாயே ஒடுங்கிடும். அப்புறம் அது எதைக் கவ்வும்?"

அவள் நட்டைக் கழற்றினாள். வேலியில் தொற்றிக்கொண்டு ஜன்னல் வழியே நானும் எட்டிப் பார்த்தேன். வளையம் குழாயின் மேல் அழுந்திப் பதிந்து, குழாய் இடுப்பு சிறுத்துப்போயிருந்தது. அவள் குழாய் முனையை வெளியே இழுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளையம் ஒரு மோதிரம் அளவுகூட இல்லை.

"இத்தனூண்டா?" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பிறகு தாழ்ந்த குரலில், "அடுப்பே, எனக்குத் தெரியல. எவ்வளவு முறுக்கணும்னு கேளு."

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

லோம்பே திரும்பாமலே ஒரு புது வளையத்தைத் தோளுக்குப் பின்னால் எறிந்தான். ஒடுங்கிய முனையை அறுக்கச் சொன்னான், வளையத்தை மாட்டச் சொன்னான். "கையால முடிஞ்ச மட்டும். அப்புறம் ஸ்பேனர்ல ஒரு சுத்து, கூட ஒரு கால் சுத்து. அவ்வளவுதான், அடுப்பே."

அவன் சொன்னபடியே செய்து, கால் சுத்து முடிந்ததும் அவள் கை தயங்கியது. இன்னும் கொஞ்சம் முறுக்கத் துடித்தது தெரிந்தது. ஆனால் ஸ்பேனரை எடுத்துவிட்டாள். சிசங்கா வால்வைத் திறந்தாள். அம்மா நட்டைத் தடவிப் பார்த்த விரல் உலர்ந்தே இருந்தது.

பானா சிசங்கா அடுப்புச் சாம்பலைத் தட்டிக் கொட்டினாள். "சனிக்கிழமை விருந்துக்கு உனக்கு நிறைய வேலை இருக்கு, அடுப்பே. சேவல் ரெண்டு அடிக்கணும். அவனுக்குப் பசிக்குதான்னும் கேட்டு வை."

லோம்பே திரும்பாமலே வேகமாகத் தலையாட்டினான். சிசங்கா வால்வைப் பிடித்தபடியே அழுதுவிட்டாள்.