நானூற்று அறுபத்து மூன்று

எங்கள் கல்மண்டபத்து வீட்டுக்கு அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களில் அந்தத் துறைமுகக் குமாஸ்தாவை மட்டும் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. காது சிவக்கிற அளவுக்குக் கூச்சம். பெண்ணுக்குக் கணக்கு வருமா என்று அவர் அப்பா கேட்டதும், என் சிலேட்டை வாங்கி அந்தக் கூச்சக்காரரே அக்காவிடம் நீட்டினார்.

"மூணு இலக்கத்துல ஒரு நம்பர் எழுதுங்க. பக்கத்துலயே அதையே இன்னொரு தபா எழுதுங்க."

அக்கா 463 எழுதி, ஒட்டினாற்போல் மறுபடியும் 463 எழுதினாள். நாலு லட்சத்துச் சொச்சம் ஆகிவிட்டது. ஏழால் வகுக்கச் சொன்னார், மீதி இல்லை. வந்ததைப் பதினொன்றால், அதிலும் மீதி இல்லை. "இப்போ பதிமூணால..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"நானூத்தி அறுபத்திமூணே திரும்பி வரும்! ஏழு, பதினொண்ணு, பதிமூணு, மூணையும் பெருக்கினா ஆயிரத்தொண்ணு. எந்த மூணு இலக்க நம்பரையும் ஆயிரத்தொண்ணால பெருக்கினா அதே நம்பர் ரெண்டு தபா வரும். மொதல்ல பெருக்க வெச்சிட்டு அப்பால வகுக்க சொல்றீங்க, அவ்ளோதான்!"

ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஓர் எண் கண்ணில் பட்டால் பிரித்து மேயாமல் விடமாட்டாள். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். கேலி இல்லை, சந்தோஷம் தாங்காத சிரிப்பு. அக்காவும் சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரு நிமிஷம் எங்களையெல்லாம் மறந்தே போனார்கள்.

அவர் அம்மா காபியைக் கீழே வைத்தாள். "இப்பவே இந்தப் போடு போடுறா. வூட்டுக்கு வந்தா இன்னா ஆட்டம் ஆடுவாளோ!" என்று எழுந்துவிட்டாள். அவரும் பின்னாலேயே போனார். ஜட்காவில் ஏறுமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பார்த்து என்ன பிரயோஜனம்? ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா, பாவி மனுஷன்! நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது.

அடுத்த வரன் வந்தபோது எங்கள் அம்மா உஷாராகிவிட்டாள். "உன் வாய் கீதே, அதான் பேஜாரு. இன்னா கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிட்டு கம்முனு குந்திகினு இரு." அக்கா தெரியாது என்றே சொன்னாள். எண்ணூரில் வாழ்க்கைப்பட்டாள். அவள் புருஷன் நல்லவர்தான், குறை சொல்ல மாட்டேன்.

சில வருஷம் கழித்துக் கிறிஸ்துமஸுக்கு அங்கே போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும், வேலை செய்கிற இடத்தில் யாரோ காட்டிய வித்தை என்று அக்கா புருஷன் தன் பிள்ளையின் சிலேட்டை எடுத்தார். "மூணு இலக்கத்துல ஒரு நம்பர் சொல்லு பாப்போம்" என்றார் அக்காவிடம்.

"நானூத்தி அறுபத்திமூணு" என்றாள். யோசிக்கவே இல்லை.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் அதை இரண்டு தரம் எழுதி, முக்கி முனகி வகுத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் தப்புப் போட்டார். அக்காவின் உதடு லேசாக அசைந்து மூடிக்கொண்டது. அழித்து, திருத்தி, கடைசியில் 463ஐக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அடேங்கப்பா! எப்டிங்க இது?" என்று அக்கா கன்னத்தில் கை வைத்தாள்.

"அது அப்டித்தான். உனக்குச் சொன்னா புரியாது" என்றார் அவர்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை அழுத்தி மிதித்தாள்.