சரிவு மரங்களைக் காத்த நீலாவதி

மலேசியாவில் கெமாஸ் பக்கம் போய் நீலாவதியைத் தெரியாது என்று சொன்னால் உங்களுக்கு ஒரு வாய் தேநீர்கூடக் கிடைக்காது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு உரம் போட வந்தவள், மாலை வகுப்பில் படித்து ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி பிடித்தாள். எஸ்டேட்டுப் பெண் என்றால் சும்மாவா!

மலைச்சரிவில் செம்பனை வராது என்று எல்லோரும் சொன்னபோது, வரும் என்று ஒற்றைக்காலில் நின்று நட வைத்ததும் அவள்தான். அந்த மரங்களுக்குத்தான் ஆபத்து வந்தது. விளைச்சல் இனி ஏறுமா இறங்குமா என்று கணக்குப் போடும் புது மென்பொருள், சர்ரென்று இறங்கும் என்றது. மேனேஜர் தேவன் மரம் அறுக்க ஆள் வரச் சொல்லிவிட்டார்.

"நீலா, கம்ப்யூட்டரே சொல்லிருச்சு லா. உன் மரம் படுத்திருச்சு."

"மரம் படுக்கல சார். குலை வெட்டுறவங்க முதுகுதான் ஒடியுது, போய்ப் பாருங்க!"

சொல்லிவிட்டுத் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்தாள். கடைசியில் பிழையைப் பிடித்தும் விட்டாள். எஸ்டேட்டில் மரத்துக்கு யாரும் வயது சொல்வதில்லை. 'ரெண்டாயிரத்து ஒன்பது மரம்' என்று நட்ட வருஷம்தான் பேர். அதே பழக்கத்தில் ஒவ்வோர் அறுவடைக்கும் வருஷத்தை முழுசாகத் தட்டியிருந்தாள். மென்பொருளோ அந்த எண்ணைப் பெருக்கிப் பெருக்கி மலையாக்கி, வைத்துக்கொள்ள இடமில்லாமல் கடைசி இலக்கங்களை உதிர்த்துவிட்டது. ஒரு வருஷத்துக்கும் மறு வருஷத்துக்கும் உள்ள வித்தியாசமே அந்த இலக்கங்களில்தானே இருந்தது!

வருஷத்தை நீக்கிவிட்டு நாலு, ஐந்து, ஆறு என்று மரத்தின் வயதைப் போட்டாள். அதே விளைச்சல், அதே மென்பொருள். திரையில் விளைச்சல் கோடு ஜம்மென்று மேலே ஏறியது.

"அதெப்படி மாறும்?" என்றார் தேவன்.

"கோழிக்குஞ்ச லாரியில விட்டு, லாரியோட சேத்து நிறுத்தா குஞ்சு எடை தெரியுமா சார்? குஞ்ச மட்டும் தனியா நிறுக்கணும்."

தேவன் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை, அதிக இலக்கம் தாங்கும் வேறொரு மென்பொருளில் முழு வருஷத்தோடு தாமே போட்டுப் பார்த்தார். அங்கேயும் கோடு ஏறியது.

"போ, நீயே போய் மரம் அறுக்க வந்தவங்கள நிறுத்து!"

மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு சரிவுக்குப் பறந்தாள். அறுக்க வந்த ஆட்கள் லாரியிலிருந்து ரம்பத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, ரம்பத்த உள்ள போடுங்க! வந்தது வந்தீங்க, ரெண்டு நடை குலை ஏத்திட்டுப் போங்க. எங்க லாரி பத்தல!"

குலை வெட்டுகிறவர்கள் விசிலடித்ததில் சரிவே அதிர்ந்தது.