ஈயம் உருக்கிய குசினி

இரும்புச் சட்டியில் ஈயம் உருகுவது பார்க்க அழகு. மங்கிக் கிடக்கும் துண்டு ஓரத்திலிருந்து இளகி, முகம் பார்க்கலாம் போல மினுங்கும். எழுபதுகளின் கடைசியில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக் குசினி அடுப்படியில், தலைப்பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு அந்தச் சட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். பழைய பற்றரிகளை உடைத்து எடுத்த ஈயத்தை உருக்கி, வீச்சுவலைக்குக் குண்டு வார்ப்பது வீட்டுப் பெண்களின் வேலை. வயிற்றுப்பிள்ளைக்காரி வலையைக் கடந்தால் மீன் படாது என்பார்கள். என் புருஷனின் தாய், மாமி, அதில் வெகு கண்டிப்பு. வலை காயும் முற்றத்துக்கே என்னை விடமாட்டார். "வெயிலுக்குள்ள அலையாதை பிள்ளை, குசினிக்குள்ள இரு" என்பார். என்னைப் பொத்திப் பொத்தித்தான் பார்த்தார். அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

கொழும்பிலிருந்து வந்த டொக்டரம்மா ஒருவர், கிளினிக்குக்குப் போகும் தாய்மாரின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தார். என்னிடமும் இரத்தம் எடுத்தார். முடிவு வந்தபோது பேறுகாலம் நெருங்கியிருந்தது. உருக்கும் புகையாலும் தூளாலும் ஈயம் ஏறியிருக்கிறது, அது வயிற்றுப் பிள்ளைக்கும் போகும், மூளையைப் பாதிக்கும், சிலவேளை பிள்ளை தங்காமலும் போகும் என்றார். அன்றே மாமி சட்டியைத் தூக்கி எறிந்தார். எறிந்து என்ன? வீட்டை விட்டு ஓடலாம், சொந்த இரத்தத்தை விட்டு எங்கே ஓடுவது? பிள்ளை புரளும்போதெல்லாம் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் கிடந்தேன்.

மகள் பிறந்த பிறகு மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். ஈயம் குறைந்திருந்தது, போய்விடவில்லை. எலும்பில் தங்கியது, பால் கொடுக்கும் காலத்தில் மெல்ல மெல்ல வெளியே வருமாம். கொடுத்தாலும் பயம், கொடுக்காமல் புட்டியில் மாப்பால் கரைத்தால் எங்கள் கிணற்றுத் தண்ணீரை நினைத்துப் பயம். "பாலைக் குடுங்கோ, ஈயத்துக்குக் கிட்ட மட்டும் போகாதேங்கோ" என்றார் டொக்டரம்மா. கொடுத்தேன், ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு. மகள் இன்று பிள்ளைகள் பெற்று நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அவள் எதையாவது மறந்துவிட்டால் அந்த ஈயம்தானோ என்று நினைக்கிறேன்.

முதல் முடிவைச் சொன்ன அன்று, டொக்டரம்மாவின் முன்னாலிருந்து நான் எழும்பிய பிறகும் மாமி கதிரையை விட்டு எழும்பவில்லை. என் புருஷனுக்கு முன்னர் அவருக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போனவை. ஆண்டவரின் சித்தம் என்று விட்டிருந்தார்கள். வீட்டில் அதைப் பற்றிக் கதை இல்லை.

"நானும் வலையைக் கடக்கேல்லை டொக்டர்" என்றார் மாமி. "குசினிக்குள்ளதான் இருந்தனான்."

டொக்டரம்மா மாமியின் கையைப் பிடித்தார். "அது இனிச் சொல்ல ஏலாது அம்மா."

"ஓம்" என்று தலையாட்டினார் மாமி.

அதன்பின் அவர் அந்தக் குசினிக்குள் அடுப்பு மூட்டவே இல்லை. முற்றத்தில் மூன்று கல் வைத்து, மாரி மழையிலும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வெளியில்தான் சமைத்தார்.