டைனாவின் இடுப்பு

மர்பி டவுனில் யூஜினை ஓர் இடத்தில் உட்கார வைக்க வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும் என்பார்கள். அதுவும் தப்பு. கரண்ட் போனால்தான் அந்த மனிதர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். எலெக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எல்லோரும் தலை குனிந்திருக்கும்போது, இவர் மட்டும் அண்ணாந்து பார்த்து எந்த ஃபேன் ஆடுகிறது என்று கவலைப்படுவார்.

மகள் டீனா கல்யாணமாகி மெல்போர்னுக்குப் போன பிறகு இந்தத் தவிப்பு முற்றிவிட்டது. வீட்டில் சத்தமே இல்லை என்று நச்சரிக்க ஆரம்பித்தார். மனைவி பெர்னதெத் நர்சரி பள்ளி டீச்சர். நாளெல்லாம் சத்தத்தில் கிடந்துவிட்டு வருகிறவளுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. அதைச் சொன்னால் சண்டை வரும் என்பதால் சொல்லவில்லை.

ஆகவே டைனாவுக்குக் குட்டி பிறக்க வேண்டும் என்று யூஜின் முடிவுகட்டினார். டைனா அவர்களுடைய லாப்ரடார், நாலு வயது. ஒரே ஒரு ஈற்று போதும். வீடெல்லாம் குட்டிகள் உருள வேண்டும், செருப்புகள் கடிபட வேண்டும், பெர்னதெத் கத்த வேண்டும். ராத்திரி கனவில்கூடக் குட்டிகள்தான். ப்ளைவுட்டில் பெட்டி அடித்து, குளிருக்கு அதில் ஒரு பல்பும் மாட்டியாகிவிட்டது. மாப்பிள்ளைதான் பாக்கி.

மாப்பிள்ளை வைட்ஃபீல்டில் அகப்பட்டான். பெயர் மேக்ஸ். அவனை வளர்க்கிற வெங்கி ஐ.டி. கம்பெனிப் பையன். நாய் வளர்க்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: பெண் நாயை ஆண் நாய் இருக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், பிறக்கிற குட்டிகளில் முதலில் பொறுக்கிக்கொள்கிற உரிமை மாப்பிள்ளை வீட்டுக்கு. யூஜின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் வெங்கி ஒன்று கேட்டான்.

"அங்கிள், டைனாவுக்கு ஒரு ஹிப் எக்ஸ்ரே எடுத்துடுங்க. மேக்ஸுக்கு எடுத்தாச்சு. லாப்ரடார்ல இடுப்பு ப்ராப்ளம் இருந்தா குட்டிக்கும் வருமாம். எங்க அபார்ட்மென்ட்ல எல்லாரும் கேப்பாங்க."

யூஜினுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து தாம்தூம் என்று குதித்தார். "ஞானஸ்நான சர்டிஃபிகேட் கேட்டாக்கூட சரின்னு குடுப்பேன். பொண்ணோட எலும்பைக் காட்டச் சொல்றான் பெர்னி!"

"காட்டிட்டுத்தான் வாங்களேன். நல்லாருக்குன்னு தெரிஞ்சா அவனே வாயை மூடிக்குவான்" என்றாள் பெர்னதெத்.

டாக்டர் லாவண்யாவின் கிளினிக்கில் டைனாவுக்கு மயக்க ஊசி போட்டார்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால்களை நேராக நீட்டிப் பிடித்தால்தான் படம் சரியாக விழுமாம். ஊசி என்றதும் யூஜினின் வீறாப்பெல்லாம் பறந்துபோனது. "முழிச்சிக்குமா, முழிச்சிக்குமா" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், கடைசியில் அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

வெளியே பெஞ்ச் இருந்தது. அதில் உட்கார அவரால் முடியவில்லை. வாசலுக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். சுவரில் காலிங் பெல் ஸ்விட்ச் லூசாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, யாரையும் கேட்காமல் அதைக் கழற்றி முறுக்கி மாட்டி, ஒருமுறை அழுத்தியும் பார்த்தார். வரவேற்பில் இருந்த பெண் யாரோ வந்துவிட்டார்கள் என்று எழுந்து நின்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். டைனா அரைமயக்கத்தில் வாலின் நுனியை மட்டும் அசைத்தது.

"அங்கிள், டைனா எப்படி ஓடும்?" என்று லாவண்யா கேட்டார்.

யூஜினின் முகம் மலர்ந்துவிட்டது. "அதை ஏன் கேக்குறீங்க டாக்டர்! முயல் மாதிரி. பின்னங்கால் ரெண்டையும் ஜோடியா சேத்து எகிறும் பாருங்க, ஏரியாவே நின்னு வேடிக்கை பாக்கும். குட்டி கேட்டவங்க எல்லாம் இதே மாதிரி குதிக்கிற குட்டிதான் வேணும்னு சொல்லி வெச்சிருக்காங்க."

போனை எடுத்து வீடியோவையும் காட்டினார். மைதானத்தில் டைனா துள்ளித்துள்ளி வந்தது. "எகிறு டைனா, எகிறு!" என்று யூஜின் கைதட்டிச் சிரிப்பது அதில் கேட்டது. லாவண்யா முழுவதையும் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே இருந்த கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தொடை எலும்போட உருண்டை இந்தக் குழிக்குள்ள நல்லா உக்காந்திருக்கணும் அங்கிள். ரெண்டு பக்கமும் பாதிக்கு மேல வெளிய நிக்குது. ஒவ்வொரு காலா ஊனுனா வலிக்கும். அதனாலதான் ரெண்டையும் சேத்துத் தள்ளுது. அது விளையாட்டு இல்ல."

"சந்தோஷமாத்தானே டாக்டர் ஓடும்?"

"நீங்க கூப்பிடுறீங்க, சிரிக்கிறீங்க. ஓடாம என்ன பண்ணும்?"

யூஜினுக்கு முகம் சுட்டது. வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தத் தெரியாதவர்போல் எதையெதையோ அழுத்திவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார்.

எடையைக் குறைக்க வேண்டும், குதிக்க விடக்கூடாது, வலிக்கு மாத்திரை உண்டு, இப்படிப் பார்த்துக்கொண்டால் டைனா நன்றாகவே வாழும் என்றார் லாவண்யா. குட்டி மட்டும் வேண்டாம். பிறக்கிறவற்றுக்கும் இதே இடுப்பு வர நிறைய வாய்ப்பு இருக்கிறது.

வெளியே வந்தும் மனசு அடங்கவில்லை. ஒரே ஈற்றுதானே, எல்லாக் குட்டிக்குமா வந்துவிடும், வந்தால் அதை நாமே வைத்துக்கொண்டால் போயிற்று என்று உள்ளுக்குள் பேரம் பேசியபடி வாசலில் நடந்தார். அப்போது வெங்கியின் போன் வந்தது. விஷயத்தைச் சொன்னார். அவன் கொஞ்சம் தயங்கினான்.

"ஆபீஸ்ல நாலு பேருக்கு குட்டி தர்றேன்னு சொல்லிட்டேனே அங்கிள். நல்லா ஓடிட்டுத்தானே இருக்கு? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் விட்டுக்குடுங்க. மேக்ஸோட ரிப்போர்ட்டை மட்டும் காட்டிக்கலாம். குட்டிங்களைப் பாத்தா யாருக்கு என்ன தெரியப் போகுது?"

இவ்வளவு நேரம் தாம் போட்ட கணக்கு இன்னொருவன் வாயிலிருந்து வந்ததும் யூஜின் நின்றுவிட்டார்.

"நாலு வருஷமா ஒரே வீட்ல இருக்கேன் தம்பி. அதுக்கு வலிக்குதுன்னு எனக்கே தெரியல. நின்னு கைதட்டிட்டு இருந்தேன். யாருக்குத் தெரியும்னு கேக்குறியே, யாருக்கும் தெரியாது. அதனாலதான் வேணாங்கிறேன்."

போனை வைத்துவிட்டு உள்ளே போனார். டைனாவின் கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷனுக்கு என்றைக்குக் கூட்டி வரலாம் என்று கேட்டார். டைனாவின் தலையைத் தடவியபடி குனிந்தே கேட்டதால், அது முதலில் லாவண்யாவின் காதில் விழவில்லை. யூஜின் மறுபடி ஒருமுறை கேட்டார்.