காக்கை வராத இடம்

மார்கழி விடுமுறையில் சென்னையிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பலில், நம்ம விக்கிரமசிங்கபுரத்துக்காரர் ஒருவரைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாள் முழுக்க அவரையும் அவர் மனைவியையும் தளம் தளமாக இழுத்துக்கொண்டு சுற்றினேன். நரைத்த மீசை, மடித்துக் கட்டிய வேட்டி. எதைக் காட்டினாலும், “நல்லாத்தான் இருக்கு தம்பி” என்பார்.

மறுநாள் மதியம் மேல்தளத்தில் காகிதத் தட்டில் சோற்றை ஏந்திக்கொண்டு, “கா... கா...” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் கடல்.

“என்ன அண்ணாச்சி?”

“எங்கய்யாவுக்குத் திதி. மவன் போன வருசத் தேதியப் பாத்து, அது முடிஞ்சிருக்கும்னு டிக்கெட் போட்டுட்டான். இந்த வருசம் தள்ளி இன்னைக்கு வருது.”

“அதக் கப்பல்ல ஏறின பொறவுல்லா சொல்லுதாவ!” என்றார் மனைவி. “காக்கா எடுக்காம பச்சத்தண்ணி குடிக்க மாட்டாவ. சுகர் வேற.”

ஓடிப்போய்க் கப்பல் பணியாளரிடம் கேட்டேன். கரை தெரியும்வரை காக்கை கிடையாது என்று சிரித்தார். கரை நாளைக்குத்தான். திரும்பி வந்து, “மீனுக்குப் போட்டா என்ன அண்ணாச்சி?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை.

“எங்கய்யா ஆத்துலயே முழங்காலுக்கு மேல இறங்க மாட்டாவ தம்பி. அம்புட்டுப் பயம். இவ்வளவு தண்ணியத் தாண்டி இங்கன எப்படி வருவாவ?”

காற்றில் சோறு பறக்காமல் மறுகையால் மூடிக்கொண்டு, அவர் மறுபடியும் கூப்பிட ஆரம்பித்தார்.