மோதிர விரலுக்கு வேலையில்லை

கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தை உருட்டுவார்கள், சிலர் கதவை அறைந்து சாத்துவார்கள். நண்டக்கா தன் கான்ஃபிக் ஃபைலைத் திறப்பாள்.

அவள் வேலை பார்த்தது இயந்திரங்களுக்குக் கையேடு எழுதும் கம்பெனி ஒன்றில். துணி துவைக்கும் இயந்திரமோ தண்ணீர் மோட்டாரோ வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கி எறிவோமே, அதை எழுதுகிறவர்கள். எழுதுவது எடிட்டர் என்ற மென்பொருளில். அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் எழுத்துப் பலகை அது. ஆனால் அதற்கு ஒரு கான்ஃபிக் ஃபைல் உண்டு. இந்த விசையை அழுத்தினால் இது நடக்கட்டும், இது இந்த நிறத்தில் தெரியட்டும் என்று அதில் எழுதிவைத்தால் எடிட்டர் சொன்னபடி கேட்கும். முக்கால்வாசிப் பேர் அந்த ஃபைல் இருக்கும் திசைக்கே போவதில்லை. நண்டக்காவோ வேலைக்குச் சேர்ந்த வாரத்திலிருந்து அதை வளர்த்துக்கொண்டு வந்தாள். பாசத்தால் அல்ல, வஞ்சத்தால்.

முதல் வரி, அவளுடைய முதல் மேலாளரின் புண்ணியம். இரண்டு சொற்களுக்கு நடுவே இரட்டை இடைவெளி விழுந்த பக்கங்களை அவர் அச்செடுத்து, சிவப்பு மையில் வட்டம் போட்டு, அறை நடுவே தூக்கிக் காட்டி, "இதுகூடத் தெரியாமத்தான் வேலைக்கு வந்தியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் முதல் அவள் எடிட்டரில் இரட்டை இடைவெளி விழுந்த இடமெல்லாம் ரத்தச் சிவப்பாக எரிந்தது. அதோடு விட்டாளா? மேலாளர் அனுப்பும் சுற்றறிக்கைகளையும் அதே எடிட்டரில் திறந்து, எரிந்த இடங்களையெல்லாம் குறித்து, "பணிவுடன்" என்று கையெழுத்துப் போட்டு அவருக்கே திருப்பி அனுப்பினாள். அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போகும்வரை அனுப்பினாள்.

அடுத்து, அழிந்துபோன ஒரு நாள் வேலையைப் பற்றிக் கேட்டதற்கு "நீங்க சேவ் பண்ணாம போனா நான் என்ன பண்றது?" என்று உதட்டைப் பிதுக்கிய கணினிப் பொறியாளர். அவர் புண்ணியத்தில் அவள் விசைகளிலிருந்து கையை எடுத்தாலே எழுதியது தானாகச் சேமிக்கப்பட்டது. இனி அந்த ஆளிடம் போய் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. அப்புறம் நாத்தனார். "ராப்பகலா ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்து அண்ணிக்குக் கண்ணு குழி விழுந்துபோச்சு, பாவம்" என்று விருந்தாளிகள் முன்னால் உச்சுக்கொட்டினாள். அன்றைக்கே நண்டக்கா திரையின் பின்னணியைக் கண்ணுக்கு இதமான மங்கல் பச்சைக்கு மாற்றினாள். சில வருஷம் கழித்துக் கண்ணாடி போட்டது நாத்தனார்தான். நண்டக்காவின் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. "கடையில இருக்கறதுலயே அசிங்கமான ஃபிரேமா பார்த்துக் குடுங்க" என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது அவளுக்கு இன்றுவரை குறைதான்.

ஃபைலில் ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒரு குறிப்பு இருக்கும். எடிட்டர் அதைக் கண்டுகொள்ளாது, மனிதர்கள் படிப்பதற்கு மட்டும். 'மேலாளர். அறை நடுவே.' 'நாத்தனார். கண் குழி.' யாருக்கும் அவள் ஒளித்ததில்லை. கண்ணாடிக் கடைக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்பார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"ஒழுங்கா இருக்கற வரைக்கும் இருக்க மாட்டீங்க."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் பல்லழகர் வந்து சேர்ந்தார். அவளைவிட இளையவர். எதற்கெடுத்தாலும் வரிசை தப்பாத வெள்ளைப் பற்கள் முழுவதும் தெரியச் சிரிப்பார். திட்டினாலும் சிரிப்பார், திருடினாலும் சிரிப்பார். முன்னதை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

அலுவலகம் மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்கு இடம் மாறிய நாள் அது. படிக்கட்டுக்குப் போகும் வழியில் ஒரு கனத்த இரும்புக் கதவு. நண்டக்கா இடது கையில் கணினித் திரையை அணைத்துக்கொண்டு, வலது கையால் கதவின் விளிம்பைப் பிடித்தபடி வந்தாள். முன்னால் போன பல்லழகர் கையில் ஒரு துரும்பும் இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் குதிகாலால் கதவை உதைத்துச் சாத்தினார்.

அவள் அலறியது கீழ்மாடிவரை கேட்டது.

"அடடா, பார்த்து வரக் கூடாதாக்கா?" என்றார் பல்லழகர். பிறகு போனில், "ஒண்ணுமில்ல, நீ சொல்லு" என்று இறங்கிப் போய்விட்டார்.

வலது கை மோதிர விரல். எலும்பு கூடியது, நடுக்கணு மடங்கவில்லை. விரல் நீட்டிய வாக்கிலேயே நின்றுவிட்டது. கட்டுப் பிரித்து அவள் வேலைக்குத் திரும்பிய நாளில், அந்த ஒரு விரல் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்க மற்ற விரல்கள் பக்கவாட்டில் ஓடியதைப் பார்த்து, "நண்டு மாதிரி ஓடுதே அக்கா கை!" என்று பெயர் வைத்ததும் பல்லழகர்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. விரல் எப்படிப் போயிற்று என்பது அவருக்கு அதற்குள் மறந்திருந்தது. மன்னிப்புக் கேட்காததைக்கூட அவள் ஆறப்போட்டிருப்பாள். மறந்தானே, அதை எப்படி விடுவது?

ஃபைலைத் திறந்தாள். 'பல்லழகர். கதவு.' என்று எழுதினாள். அதற்குக் கீழே மாதக்கணக்கில் வேலை நடந்தது. மோதிர விரலின் கீழே குடியிருந்த எழுத்துகளைப் பக்கத்து விரல்களுக்குப் பங்கு பிரித்தாள். முற்றுப்புள்ளியை இடது சுண்டுவிரலுக்குக் கொண்டுபோனாள். ஒரு விசையை இன்றைக்கு நகர்த்துவாள், ஒத்துவராமல் நாளைக்கே திருப்பிக் கொண்டுவருவாள். நடுவிரல் வலித்தால் அதன் சுமையைக் குறைப்பாள். கடைசியில் மோதிர விரலுக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை, அதன் இடத்தில் அழுத்தினால் திரையில் ஒன்றும் வராது. அப்போதுதான் அவள் கை பழைய வேகத்தைப் பிடித்தது, பிறகு தாண்டியது. அறையில் அவளைவிட வேகமாக எழுத ஆளில்லை என்றானது.

அந்த வேகம் பல்லழகரின் கண்ணை உறுத்தியது. அவர் குழுத் தலைவரானதும் முதல் வேலையாக, "எல்லாருக்கும் ஒரே மாதிரி கான்ஃபிக் இருந்தா வேலை சுளுவா ஓடும்" என்று ஆரம்பித்தார். நண்டக்கா தன் ஃபைலின் நகல் ஒன்றை அலுவலகப் பொது இடத்தில் பத்திரத்துக்காகப் போட்டு வைத்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை எல்லார் கணினியிலும் புது கான்ஃபிக் வந்து உட்கார்ந்தது. அவள் திறந்து பார்த்தாள். அவளுடையதேதான், வரிக்கு வரி. குறிப்புகள் மட்டும், படித்துப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல், மொத்தமாகத் துடைத்து எடுக்கப்பட்டிருந்தன. மேலாளர் இல்லை, நாத்தனார் இல்லை, கதவு இல்லை. உச்சியில் பல்லழகரின் பெயர் இருந்தது. கூடவே ஓர் உத்தரவு: சொந்த ஃபைல்களை எல்லாரும் அழித்துவிட வேண்டும், இனி மாற்றம் எதுவானாலும் தலைவர் கையால்தான்.

விரலைக் கெடுத்தவன், அந்த விரலுக்காகப் பட்ட பாட்டையும் எடுத்துக்கொண்டான்.

குளிர் நாட்களில் நடுவிரல் அவளுக்கு அதிகமாக வலிக்கும். ஓர் எழுத்தை அதனிடமிருந்து எடுத்துச் சுட்டுவிரலுக்குக் கொடுத்தால் போதும். முன்பானால் தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. இப்போது போய்க் கேட்க வேண்டியிருந்தது. அவரைத் 'தம்பி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் 'சார்' என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

பல்லழகர் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தார். "தனிப்பட்ட வசதிக்காகவெல்லாம் மாத்த முடியாதுக்கா. இது பொது."

வீட்டில் கண்ணாடிக் கடைக்காரர் கொதித்தார். "நேரா இயக்குநர் மேடம்கிட்ட போய்ச் சொல்லேன், இது என்னோடதுன்னு."

"சொன்னா? 'எல்லாரோட யோசனையும் சேர்ந்ததுதானே மேடம்'னு பல்லைக் காட்டிட்டுப் போயிடுவான். அவனே செஞ்சதா அவன் வாயால சொல்லட்டும். அப்புறம் இருக்கு."

அறையில் மற்றவர்கள் பாடு திண்டாட்டமாக இருந்தது. முழுசாக விரல் இருந்தவர்கள் எல்லாரும் மோதிர விரலால் வெற்றிடத்தைத் தட்டினார்கள். முற்றுப்புள்ளியைத் தேடி இடது கை அலைந்தது. "இது எதுக்கு இங்க இருக்கு?" என்று கேட்டால், "ஆராய்ச்சி பண்ணி வெச்சிருக்கேன், பழகிக்கோங்க" என்றார் பல்லழகர். ஊருக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? அவரே எல்லாரையும்விட மும்முரமாகப் பழகினார். நண்டக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவர் மேசை அருகே போய், தேன் ஒழுகப் பேசினாள்.

"இவ்ளோ பெரிய வேலை பண்ணிருக்கீங்க சார். மேடம் கண்ணுல படாம இருக்கலாமா? ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டுங்களேன்."

அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

இயக்குநர் மேடம் வந்தார். நரைத்த தலை, கறாரான பேச்சு, தட்டச்சுக்காரியாகத் தொடங்கி மேலே வந்தவர் என்பதால் விசைப்பலகை என்றால் தனி அக்கறை. அறையில் இருந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். பல்லழகர் பெரிய திரையில் ஃபைலைத் திறந்து, சிவப்பு இடைவெளியைக் காட்டினார், தானாகச் சேமிப்பதைக் காட்டினார், மங்கல் பச்சையின் மகிமையைச் சொன்னார். எல்லாம் தன் மூளையில் உதித்தது என்றார். நண்டக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல மாணவியாகத் தலையாட்டினாள்.

மேடம் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து நாலு வரி அடித்துப் பார்த்தார். முகம் சுளித்தது.

"இந்த விரலுக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே குடுக்கல?"

"மோதிர விரல்தான் மேடம் மனுஷன் கையிலயே பலவீனமான விரல்" என்றார் பல்லழகர், கண் சிமிட்டாமல். "ரொம்ப நாள் நானே உட்கார்ந்து ஆராய்ஞ்சேன். அதுக்கு ஓய்வு குடுத்தா மத்த விரல் வேகமா ஓடும்."

"அப்போ இடது மோதிர விரல்? அது பலவீனம் இல்லையா? அதுக்கு எல்லா எழுத்தும் அப்படியே இருக்கே?"

பற்கள் தெரிந்தன.

"எனக்கு ரெண்டு விரலும் நல்லாத்தான் இருக்கு" என்றார் மேடம், தன் கையை விரித்துப் பார்த்தபடி. "இதைப் பார்த்தா ஆராய்ச்சி மாதிரி தெரியல. யாரோ ஒரு ஆளோட கைக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு. யாருக்காகப் பண்ணினீங்க?"

நண்டக்கா மடியிலிருந்து வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். மெதுவாக மூடினாள். நாலு விரலும் மடங்கின. மோதிர விரல் மட்டும் மேடத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.

"எனக்காக மேடம்."

மேடம் அந்தக் கையையும் பெரிய திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விரலுக்கு என்னம்மா ஆச்சு?"

"இரும்புக் கதவுல நசுங்கிடுச்சு மேடம். நான் வர்றது தெரியாம சாத்திட்டாங்க."

"யாரு?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் இத்தனை காலம் காத்திருந்தாள். அவசரப்படவில்லை. பல்லழகர் பக்கம் திரும்பி, அவருக்கு நினைவு வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்தது. கதவு, போன், 'ஒண்ணுமில்ல, நீ சொல்லு' எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயின. சிரிப்பை எங்கே கழற்றி வைப்பது என்று தெரியாமல் பற்கள் அப்படியே வெளியே நின்றன.

"சார்கிட்டயே கேளுங்க மேடம். ஆராய்ச்சி முழுக்க அவரோடதுதானே."

அன்று சாயங்காலமே பொது கான்ஃபிக் எல்லாக் கணினியிலிருந்தும் அழிக்கப்பட்டது. அவரவர் விருப்பம் அவரவருக்கு என்று மேடம் சொல்லிவிட்டார். குழுத் தலைமை பல்லழகரிடமே இருந்தது. நண்டக்காவுக்கு அதில் வருத்தமில்லை, தினமும் பார்க்க வசதியாகப் போயிற்று. அவளுடைய ஃபைல் வீட்டுக் கணினியில் குறிப்புகளோடு பத்திரமாக இருந்தது. திரும்பக் கொண்டுவந்து, முதல் காரியமாக அந்த ஓர் எழுத்தைச் சுட்டுவிரலுக்கு மாற்றினாள். 'பல்லழகர். கதவு.' என்ற குறிப்பை அழிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அழிக்கவில்லை.

"மன்னிச்சிடுங்கக்கா" என்று அவர் ஒருநாள் தனியாக வந்து நின்றார்.

"எதுக்கு சார்? கதவுக்கா, ஃபைலுக்கா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

சில வாரம் கழித்து ஒரு தாளில் கையெழுத்து வாங்க அவர் மேசைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பல்லழகர் எழுதிக்கொண்டிருந்தார். சாதாரண எடிட்டர், சாதாரண விசைகள். வாக்கியம் முடியும்போதெல்லாம் இடது சுண்டுவிரல் தவறான விசைக்குப் போய் வேண்டாத எழுத்தைப் போட்டது, அவர் அழித்தார், மறுபடி போட்டது. வலது கையில் மற்ற விரல்கள் பக்கவாட்டில் ஓடின. கதவில் நசுங்காத, முழு ஆரோக்கியமான மோதிர விரல் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றது.

அவள் பார்ப்பதை அவர் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார்.

"பழகிப்போச்சுக்கா. எவ்ளோ முயற்சி பண்ணியும் பழைய மாதிரி வர மாட்டேங்குது, பாதி வேலைகூட ஓடல." குரல் தாழ்ந்தது. சிரிப்பு இல்லை. "அந்த ஃபைல்ல ஒரு காப்பி எனக்கு மட்டும் குடுப்பீங்களா?"

நண்டக்காவுக்கு உடம்பெல்லாம் இனித்தது. அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. தாளை நீட்டிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள்.

"தனிப்பட்ட வசதிக்காகவெல்லாம் குடுக்க முடியாது சார்."

தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள்.